வேலைக்குத் திரும்பும் தாயும் தாய்ப்பாலும்



பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போன இரண்டாம் கிழமையே, "டொக்டர், எனக்குப் பால் வற்றிப்போச்சு" என்று வருகிறவர்கள் பலர். அநேகமாகப் பால் வற்றியிருக்காது. எடுக்கிற நேரம்தான் பிழைத்திருக்கும்.

மார்பு நிறைந்து கிடந்தால் சுரப்பு மெதுவாகும், வெறுமையானால் விரைவாகும். "சேரட்டும், பிறகு எடுப்பம்" என்று 6, 7 மணித்தியாலம் காத்திருந்தால், இனிப் போதும் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். பிள்ளை வீட்டில் குடிக்கும் நேரத்தை ஒட்டி, 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15 நிமிடமளவில் எடுங்கள். பம்ப் இல்லாவிட்டால் கையாலும் எடுக்கலாம். காலையில் கூட வரும், பின்னேரம் குறையும். அதைக் கண்டு பால்மா வாங்க ஓட வேண்டாம். இரவில் புரொலக்டின் உயர்ந்திருப்பதால் இரவுப் பாலை நிறுத்தாதீர்கள். முருங்கையிலையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசியானதுதான். ஆனால் பாலை எடுக்காமல் விட்டால் முருங்கையிலை வந்து சுரக்க வைக்காது!

எடுத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள்வரை வைக்கலாம். எங்கள் வெக்கையில் வெளியே வைக்காதீர்கள்.

இச்சபையில் அதிபர்களும் முகாமையாளர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்யும் தாய்க்குப் பூட்டக்கூடிய ஓர் அறையும் இரண்டு தடவை 20 நிமிடமும் கொடுங்கள். கழிப்பறையைக் காட்டிவிடாதீர்கள்.