முடிவு தெரிந்த கதைகள்



டிசம்பர் பிறந்தால் நான் கிறிஸ்துமஸ் காதல் நாவல்களுக்காகக் காத்திருப்பேன். ‘இந்த வயசிலா?’ன்னு சிரிக்காதீங்க! பண்டிகைக் கதை புதுசில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளியிட்டது 1843 டிசம்பர் 19-இல். 1908-இல் லண்டனில் பிறந்த மில்ஸ் அண்ட் பூன் காதல் கதைகளோ, நம் விடுதியில் தலையணைக்கடியில் வாழ்ந்தன. வார்டன் அம்மா மட்டும் அறியாத ரகசியம்!

வெளியே பனி, உள்ளே கணப்பு, பிரிந்தவர் சேர்வர். முடிவு முதல் பக்கத்திலேயே தெரியும், அதுதான் ஆறுதல். கணவரை இழந்த முதல் டிசம்பரில், நாளை என்ன ஆகுமோ என்றிருந்த எனக்குத் தூக்கம் தந்தவை இவைதான்.

தங்கைகளே, யார் ‘குப்பை’ என்றாலும் ஒளிக்காம படிங்க!