மண்ணீரல் எங்கே இருக்கிறது?

வயிற்று வலி என்று வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மலச்சிக்கல், வயிற்றுக் கிருமித் தொற்று, சிலருக்குக் குடல்வால் அழற்சி என்று காரணம் அமைந்துவிடுகிறது. இந்த மாநாடு பேசப்போகும் மண்ணீரல் நோய்கள் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவை. அவற்றுள் இடம்பெயரும் மண்ணீரலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது நம் கையிலிருந்து நழுவுவது, ஸ்கேனுக்கு அனுப்பும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான். அரிய நோய் என்பது பிறகு நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

மண்ணீரலை இரைப்பையோடும் இடச் சிறுநீரகத்தோடும் பிணைக்கும் சவ்வு மடிப்புகள் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உருவாவதில்லை, அல்லது தளர்ந்திருக்கின்றன. அப்போது மண்ணீரல் தன் இரத்தக் குழாய்க் காம்பில் மட்டும் தொங்குகிறது. அடிவயிறு வரைகூட இறங்கும். காம்பு முறுக்கினால் முதலில் அடைபடுவது மெல்லிய சுவருள்ள சிரைதான். இரத்தம் தேங்கி உறுப்பு வீங்குகிறது, வலிக்கிறது. முறுக்கு தானாக அவிழ்ந்தால் குழந்தை மறுநாள் விளையாடப் போய்விடும். பள்ளிக்குப் போக மனமில்லாத வலி என்று வீட்டில் பெயர் வைத்துவிடுவார்கள். சில சமயம் நாமும்தான். அவிழாத முறுக்கில் தமனியும் அடைபட்டு உறுப்பு அழுகுகிறது.

அரிய நோய்க்காக எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க முடியுமா என்று கேட்பது நியாயம். ஆனால் புதிய சோதனை எதையும் நான் கேட்கவில்லை. குடல்வாலைப் பார்க்க எப்படியும் ஸ்கேன் எடுக்கிறோம். அதே கருவியை இட விலாவுக்குக் கீழே ஒருமுறை வைத்து, மண்ணீரல் இருக்கிறதா, டாப்ளரில் இரத்த ஓட்டம் தெரிகிறதா என்று அறிக்கையில் இரண்டு வரி எழுதினால் போதும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வலியில்லாத நாளில் மண்ணீரல் தன் இடத்திலேயே தெரியக்கூடுமே! உண்மைதான். ஆகவே திரும்பத் திரும்ப வரும் வலியில், வலிக்கும் நேரத்திலேயே மறு ஸ்கேன் வேண்டும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தும் பார்க்க வேண்டும்.

நேரத்தோடு கண்டால் என்ன லாபம்? உயிருள்ள மண்ணீரலை வலைப்பையிலோ, வயிற்றுச் சவ்வுக்கு வெளியே அமைக்கும் பையிலோ பொருத்திக் காப்பாற்றலாம். அழுகிய பின் அகற்றுவதே வழி. அகற்றினாலும் பிள்ளை நன்றாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கையை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற அறுவை மருத்துவர்கள் இருவர் அசைத்தார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் மண்ணீரல் இழந்த ஐவரின் விவரத்தை வைத்து, பின்னால் வரும் கடுந்தொற்றை எச்சரித்தார்கள். திட்டமிட்ட அறுவையென்றால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பே போட்டுவிடலாம். நள்ளிரவு அவசர அறுவையில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இன்னொன்று: இதே பிணைப்புகளின் குறைபாட்டால் இரைப்பையும் சுழலலாம். எனவே மண்ணீரலுக்காக வயிற்றைத் திறப்பவர், மூடுமுன் இரைப்பையின் பிடிமானத்தையும் பார்த்துவிட வேண்டும்.