மேலாடைகளுக்குக் காவல் நின்ற இளைஞர்

(வானொலி மறையுரை)



திருத்தூதர் பணிகள் நூலின் 7-ஆம் அதிகாரத்தில் புனித ஸ்தேவானின் மரணத்தை வாசிக்கிறோம். மக்கள் அவரை நகருக்கு வெளியே இழுத்துச் சென்று கல்லெறிந்து கொல்கிறார்கள். கை வீசி எறிய வசதியாக இருக்க வேண்டும் என்று மேலாடைகளைக் கழற்றி ஓர் இளைஞரின் காலடியில் வைக்கிறார்கள். அந்த இளைஞரின் பெயர் சவுல். அவர் கல்லெறிந்தார் என்று நூல் சொல்லவில்லை. துணிகளுக்குக் காவல் நின்றார், நடந்த கொலைக்கு மனத்தால் உடன்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அது மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பவுலாக மாறி எருசலேமில் பேசும்போது, அந்த மேலாடைகளைப் பற்றித் தம் வாயாலேயே சொல்கிறார். 22-ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம்.

இந்த இளைஞரைப் புதுக்கோட்டை மாவட்டத்திலும் நாம் பார்த்திருக்கிறோம்.

2019-ஆம் ஆண்டு புனித வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 18, பெரிய வியாழன். அன்றுதான் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. வாக்குச்சாவடிக்கும் போக வேண்டும், மாலையில் பாதம் கழுவும் திருவழிபாட்டுக்கும் வர வேண்டும் என்று நாமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நாள். அந்த நாள்களில்தான் ஒரு சமூகத்துப் பெண்களை மிக இழிவாகப் பேசும் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவியது. பேசியவர்களைக் கைது செய்யக் கேட்டு அன்று இரவும், மறுநாள் பெரிய வெள்ளியன்றும் பொன்னமராவதி காவல் நிலையத்தின் முன் கூட்டம் திரண்டது. கற்கள் பறந்தன. காவலர்கள் காயமடைந்தார்கள், வாகனங்கள் நொறுங்கின, கடைகள் மூடப்பட்டன. சுற்று வட்டாரத்தில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. பரபாவை விடுதலை செய் என்று கத்திய கூட்டத்தைப் பற்றி நாம் கோவிலில் வாசித்துக்கொண்டிருந்த அதே நாள் அது. அந்தப் பரபாவும் நகரில் நடந்த கலகத்துக்காகச் சிறையில் இருந்தவர்தான் என்று லூக்கா எழுதுகிறார்.

அதன்பிறகு தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் ஒரே பேச்சு. இந்தப் பையன்கள் ஏன் இப்படிப் போகிறார்கள்? செல்போன்தான் காரணம் என்றார்கள் சிலர். டாஸ்மாக் என்றார்கள் சிலர். வேலையில்லை, வளர்ப்புச் சரியில்லை, தேர்தல் நேரத்துத் தூண்டுதல், சாதிச் சங்கங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் செல்போன் எல்லார் கையிலும்தான் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு வயிறெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டில்தான் இருந்தார்கள். பின்னும் ஒன்று: எபேசு நகரில் செல்போன் கிடையாது.

எபேசில் நடந்தது என்ன? 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெமேத்திரியு என்ற தட்டான் வெள்ளியில் சிறிய கோவில்கள் செய்து விற்பவர். பவுலின் போதனையால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கவலை அவருக்கு. சக தொழிலாளரிடம் வருமானத்தைப் பற்றிப் பேசினார். ஊரிலோ அது அர்த்தமி தேவதையின் பெருமையைக் காக்கும் போராட்டமாகிவிட்டது. நகரமே அரங்கத்துக்கு ஓடியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே முழக்கம். அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதற்காகக் கூடினோம் என்பதே தெரியவில்லை என்று லூக்கா குறிப்பிடுகிறார். கூப்பிட்டவருக்குக் காரணம் தெரிந்திருந்தது. வந்தவர்களுக்குக் கூப்பிட்டார்கள் என்பதே காரணமாக இருந்தது.

அன்பர்களே, அந்த ஒரு சொல்லில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. கூப்பிட்டார்கள். நம் ஊர்களில் இருபது வயதுப் பையனை வேறு யார் கூப்பிடுகிறார்கள்? வானம் பார்த்த பூமி நம்முடையது. அப்பாவின் நிலத்தில் மழை பெய்தால்தான் வேலை. திருப்பூருக்குப் போவதா, சிங்கப்பூருக்கு ஏஜென்டிடம் பணம் கட்டுவதா, இன்னொரு முறை போட்டித் தேர்வு எழுதுவதா என்று வருடங்கள் கழிகின்றன. ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் உட்காருவார்கள், அவன் தள்ளி நிற்பான். நம் பங்கிலும் வேறு மாதிரியா இருக்கிறது? தேர் இழுக்கவும், பந்தல் போடவும், நாற்காலி எடுத்துவைக்கவும் இளைஞர்கள் வேண்டும். திருவிழாக் கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்கு அவர்கள் வேண்டாம். ஞாயிறு திருப்பலியில் கோவில் வாசற்படியில் சாய்ந்து நிற்கும் பிள்ளைகளை "உள்ளே வந்து உட்காருங்கப்பா" என்று அதட்டுகிறோம். உள்ளே வந்தால் அவர்களுக்கு என்ன பொறுப்பு என்று சொன்னதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஓர் இரவு போன் வருகிறது: "நம்ம வீட்டுப் பொம்பளைங்களைப் பேசிட்டானுங்கடா, கிளம்பி வா." அவன் தேவைப்படுகிறான். அவனை எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வேறெந்த இடத்திலும் அவனுக்குக் கிடைக்காத மரியாதை அது.

அவனுடைய கோபத்தையும் நாம் குறைத்துப் பேசக்கூடாது. தாயையும் தங்கையையும் இழித்துப் பேசினால் கோபம் வருவது நியாயம். ஆனால் எறிந்த கல் அந்தக் குரலுக்குரியவன்மேல் விழவில்லை. இன்னொரு சிற்றூரிலிருந்து தேர்வு எழுதி வேலைக்கு வந்த, ஏறக்குறைய அதே வயதுடைய ஒரு காவலர்மேல் விழுந்தது.

பிறகு நடப்பதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. பெயர் தெரியாத பலர் மீது வழக்குப் பதிவாகிறது. கைப்பேசிகளில் எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்து முகம் முகமாகத் தேடுகிறார்கள். "நான் கல்லே எறியலைங்க, சும்மா நின்னேன்" என்பது பெரிதாக எடுபடாது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டவிரோதமாகக் கூடி, அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால், அதில் உறுப்பினராக நின்ற ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பு. இந்திய தண்டனைச் சட்டத்தில் 149-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 190-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. மேலாடைகளுக்குக் காவல் நின்றவரைச் சட்டமும் விட்டுவிடுவதில்லை. வழக்கு நிலுவையில் இருந்தால் காவல் பணிக்குத் தேர்வானாலும் சரிபார்ப்பில் தடைபடும். பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். சிங்கப்பூர்க் கனவு அங்கேயே நிற்கும். வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறிப் போகும்போது, அன்று போன் செய்தவர் கூட வருவதில்லை. அம்மா வருவார்கள்.

இதே மாவட்டத்தில் இதே வயதுப் பிள்ளைகள் வேறு மாதிரியும் நடந்திருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து வாரக்கணக்கில் போராட்டம் நடந்தது. கோபம் குறைவாகவா இருந்தது? நிலமே போய்விடுமோ என்ற பயம். ஆனால் பந்தலில் பாட்டிகளும் தாய்மார்களும் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர்கள் அவர்களுக்கு நடுவில் இருந்தார்கள். 2020-இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமானபோது நம் மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன.

கொத்தமங்கலத்தின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் தென்னைகளையும் பலாவையும் சாய்த்துப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரில்லை, மின்சாரமில்லை, பார்க்க வந்தவர்களுமில்லை என்ற ஆத்திரத்தில் அங்கே மறியல் கலவரமாகி, அரசு வாகனங்கள் எரிந்தன. பலர் கைதானார்கள். அதே கொத்தமங்கலத்தில் அடுத்த ஆண்டு இளைஞர்கள் ஒன்றுகூடி, நிதி திரட்டி, ஊர் நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள். ஓராண்டுக்குள் அந்த ஊரில் புதிய தலைமுறை ஒன்று பிறந்துவிடவில்லை. கையில் மண்வெட்டியும் கணக்கு நோட்டும் வந்தன, ஊர் அவர்களை நம்பிப் பணம் கொடுத்தது.

"ஏன் போகிறார்கள்" என்ற கேள்விக்கு அவர்களையே கேட்கலாம் என்பது யாருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. 2011 ஆகஸ்டில் லண்டனில் தொடங்கி இங்கிலாந்தின் பல நகரங்களில் கலவரம் நடந்தபோது, ரவுடிக் கும்பல்களின் வேலை என்று தலைவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகமும் ஒரு நாளிதழும் சேர்ந்து, கலவரத்தில் கலந்துகொண்ட 270 பேரைத் தேடிப் போய்க் கேட்டன. கும்பல்களின் பங்கு சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. தெருவில் காவல்துறை தங்களை நிறுத்தி நடத்தும் விதம் பற்றித்தான் அவர்கள் திரும்பத் திரும்பப் பேசினார்கள். பொருள் கிடைக்கும் என்று போனவர்களும் இருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொன்னார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒருவரும் கேட்டதாக நமக்குச் செய்தியில்லை. நம் அன்பியக் கூட்டங்களில் இதைத் தொடங்கலாம். வழக்கில் சிக்கிய பிள்ளை நம் பங்கைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாய்தா நாளில் பெரியவர் ஒருவர் அவனோடு பேருந்தில் ஏறினால், போகும் வழியில் அவனே பேசுவான்.

எபேசுக் கூட்டம் கலைந்ததும் ஒருவர் எழுந்து பேசியதால்தான். நகரின் எழுத்தர் அவர். அவர் கிறிஸ்தவர் அல்லர். கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அவர்களுடைய தேவதையை இழிவாகப் பேசவில்லை. புகார் இருந்தால் நீதிமன்றம் திறந்திருக்கிறது, அங்கே போங்கள், இன்று நடந்ததற்கு நம்மைத்தான் விசாரிப்பார்கள் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். இலங்கையில் 2019 உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களில் குண்டுகள் வெடித்தபின், பழிவாங்க எழாதீர்கள், முஸ்லிம் சகோதரர்மீது கை வைக்காதீர்கள் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டதும் இத்தகைய பணியே. அப்படியிருந்தும் மே மாதம் சில மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரு குரல் எல்லாரையும் எட்டிவிடாது. நம் ஊர்களில் அந்த எழுத்தரின் இடத்தில் நிற்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்: ஓய்வு பெற்ற ஆசிரியர், உபதேசியார், பேச்சுக்கு மரியாதை உள்ள ஓர் அத்தை. அப்படி ஒரு குரல் பதிவு வரும் இரவில், ஐந்நூறு பேர் போக வேண்டாம், நாங்கள் நாலு பேர் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வருகிறோம், நீயும் எங்களோடு வா என்று அந்த இளைஞர்களில் ஒருவனை அழைத்துக்கொண்டு போக அவர்களால் முடியும்.

சவுலைத் தவிர இன்னோர் இளைஞரும் திருத்தூதர் பணிகள் நூலில் வருகிறார். பெயர் குறிப்பிடப்படவில்லை. பவுலின் சகோதரி மகன் என்று மட்டும் 23-ஆம் அதிகாரம் சொல்கிறது. எருசலேமில் நாற்பது பேருக்கு மேல் சேர்ந்து, பவுலைக் கொல்லும்வரை உண்பதில்லை, குடிப்பதில்லை என்று சபதம் செய்கிறார்கள். இந்தத் தகவல் அந்த இளைஞரின் காதுக்கு எட்டுகிறது. அவர் படைவீரர்கள் இருக்கும் கோட்டைக்குள் போய் மாமாவிடம் சொல்கிறார். பவுல் அவரை ஆயிரத்தவர் தலைவரிடம் அனுப்புகிறார். உரோமைப் படைத் தலைவர் அவர்; எதிரே நிற்பவரோ கைதியின் வீட்டுப் பையன். "போடா வெளியே" என்று துரத்தியிருக்கலாம். அவர் அந்த இளைஞரின் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போய், என்னிடம் சொல்ல விரும்புவது என்ன என்று கேட்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, என்னிடம் சொன்னதை யாருக்கும் சொல்லாதே என்று அவருடைய பாதுகாப்பையும் பார்த்துக்கொள்கிறார். அன்று இரவே 200 படைவீரர்களும் 70 குதிரை வீரர்களும் ஈட்டி ஏந்திய 200 பேரும் பவுலை எருசலேமிலிருந்து பத்திரமாகக் கொண்டு போனார்கள்.