இலவசம் வேறு, பொது வேறு

(லண்டனில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற அறிமுகப் பாடநெறிகளைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பொருளியல், உளவியல், மெய்யியல், கணினி, எதை எடுத்தாலும் 'அறிமுகம்' என்று ஒரு பாடநெறி இருக்குது. முதுகலைக்குப் போக முன்னம் நானும் புள்ளியியலை அப்பிடித்தான் படிச்சனான். அதால இதைத் திட்டுறதுக்கு நான் வரேல்லை. ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வந்தனான்: இலவசம் வேறு, பொது வேறு.

இங்க இருக்கிற பெரியவர்களுக்கு இது லேசில விளங்கும். 1945இல் கன்னங்கரா காலத்தில் தொடங்கின இலவசக் கல்வியில் படிச்சு வந்தவர்கள் நீங்கள். அங்க இலவசம் என்றால் காசு கட்டத் தேவையில்லை என்பது மட்டுமில்லை. ஒரு பள்ளிக்கூடம், சம்பளம் வாங்குகிற ஆசிரியர், பக்கத்தில இருந்து படிக்க ஒரு கூட்டாளி, எல்லாரும் மதிக்கிற ஒரு சோதனை, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். எல்லாருக்கும் அது சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். மலையகத் தோட்டப் பாடசாலைகள் பல பத்தாண்டுகள் அதுக்கு வெளியில நின்றன. தரப்படுத்தல் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். ஆனால் அது பொதுவாக இருந்தபடியால், அநீதி நடந்தபோது அரசைப் பார்த்து 'எங்கட உரிமை எங்க?' என்று கேட்க முடிஞ்சது.

இப்ப அமெரிக்காவைப் பாருங்கோ. 2001இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை எல்லாருக்கும் திறந்து விடப்போவதாக அறிவிச்சது. அது நல்ல காரியம். 2012இல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு 'எட்எக்ஸ்' என்ற இலாப நோக்கற்ற தளத்தைத் தொடங்கின. 2021இல் அதை 80 கோடி டாலருக்கு '2யூ' என்ற கம்பனிக்கு வித்தார்கள். 2024இல் அந்தக் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 'கோர்செரா' தொடக்கத்திலிருந்தே இலாபத்துக்கான கம்பனி. 2021இல் பங்குச் சந்தைக்கும் வந்திட்டுது. காலப்போக்கில் வீடியோ பார்க்கிறது பெரும்பாலும் இலவசம், சோதனைக்கும் சான்றிதழுக்கும் காசு என்று ஆனது. இந்த மாற்றங்களைப் பற்றிப் படிக்கிற ஆக்களை ஒருத்தரும் கேட்கேல்லை. இலவசமாகத் தந்தவர் நாளைக்குக் கதவைப் பூட்டலாம். பொதுவானதை அப்பிடிப் பூட்ட வெளிக்கிட்டால் நாங்கள் போய் வாசலில நிற்கலாம்.

இது ஆசிரியர்களின் தொழில் பிரச்சினையும்தான். 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரச பல்கலைக்கழக மெய்யியல் துறையினர், ஹார்வர்டின் மைக்கல் சாண்டெல் நீதி பற்றி நடத்திய பாடநெறியைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து, அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணக்காரப் பிள்ளைக்கு நேரில ஒரு பேராசிரியர், ஏழைப் பிள்ளைக்கு அவரின் வீடியோவா என்பதுதான் அவர்களின் கவலை. அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தங்கள் கோர்செரா மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் ஏற்கனவே பட்டம் பெற்றவர்கள். இருக்கிறவனுக்குத்தான் இன்னும் சேர்ந்தது.

ஏன் அப்பிடி? என்ர அம்மாவைப் பாருங்கோ. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. உளவியல் அறிமுகம் என்று ஒரு பாடநெறி தொடங்கி, மூன்றாம் கிழமையோட நின்றிட்டா. பாடம் விளங்காமல் இல்லை. அந்தக் கிழமை இரவு ஷிப்ட் வந்தது. வீடியோவை எப்ப வேண்டுமென்றாலும் பார்க்கலாம்தான். ஆனால் அந்த 'எப்ப'தான் அவவிட்ட இல்லை. 'வரேல்லையே, என்ன நடந்தது?' என்று கேட்கவும் ஒருத்தர் இல்லை.

இந்த நாட்டில் அதுக்கு ஒரு பதில் இருந்தது. 1969இல் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. அதுக்காகப் போராடின அமைச்சர் ஜெனி லீ, ஸ்கொட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். 1971இல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். முன்தகுதி ஒன்றும் கேட்கேல்லை. தொலைக்காட்சியில் பாடம், தபாலில் புத்தகம், கூடவே ஒரு பயிற்றாசிரியர். 2006இல் அதே பல்கலைக்கழகம் 'ஓப்பன்லேர்ன்' என்று இலவசப் பாடங்களையும் திறந்தது. ஆனால் 2012இல் இங்கிலாந்தில் அரசு மானியத்தை வெட்ட, கட்டணம் எகிறி, பகுதிநேர மாணவர் தொகை பெருமளவு விழுந்தது. அறிமுகம் இலவசமாகவே இருக்குது. அதுக்கு அடுத்த படிதான் எட்டாத உயரத்துக்குப் போனது.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? மூன்று விசயம் சொல்லுறன்.

ஒன்று, தனியப் படிக்க வேண்டாம். ஒரு பாடநெறியை எடுத்து ஆறு கிழமை இந்த வட்டமே சேர்ந்து படிப்பம். ஷிப்டால வர முடியாதவருக்கு மற்றவர் போனில சொல்லட்டும்.

இரண்டு, மொழிபெயர்ப்பம். எம்.ஐ.டி.யின் பாடக் குறிப்புகளும் ஓப்பன்லேர்னின் பெரும்பகுதியும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்குது. வியாபாரத்துக்கு இல்லையென்றால், மூலத்தைச் சொல்லி, மாற்றலாம், பகிரலாம். நாங்கள் செய்ததையும் அதே உரிமத்தில் விட வேண்டும். வேறு ஆக்களின் படங்கள், மேற்கோள்களை மட்டும் பார்த்து விலக்க வேண்டும். பொருளியல் அறிமுகத்தில் ஒரு அலகைத் தமிழாக்கி இந்த மடலில் போட ஒருத்தரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வீடியோவைப் பார்க்க மட்டும் விடுகிற கம்பனித் தளத்தில் இது நடக்காது.

மூன்று, நேரத்தைக் கேட்பம். இங்கிலாந்தில் தொழிற்சங்கங்கள் ஊடாகத் தொழிலாளர் படிக்க 1998 முதல் ஒரு கல்வி நிதி இருந்தது. 2021இல் அரசு அதை நிறுத்தினது. நீங்கள் போகிற சங்கக் கூட்டத்தில், சம்பளத்தோட படிப்பு நேரம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் வையுங்கோ. வாசகத்தை எழுத நான் உதவி செய்யிறன்.

பாடம் எங்கட கைக்கு வந்திட்டுது. ஆசிரியரும் நேரமும் இன்னும் வரேல்லை. அந்த இரண்டையும் ஒருத்தரும் இணைப்பில் அனுப்ப மாட்டினம்; கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதல் படிப்புக்கு எந்தப் பாடம், எந்த நாள் என்று இப்பவே முடிவெடுப்பமா?