அறுபத்தைந்தும் அறுபத்தேழும்



சங்கத்தில் பட்டிமன்றம் முடிந்து, சாப்பாடு தொடங்குவதற்கு முன்னால், முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றிப் பேசு என்று என்னை நிறுத்தியிருக்கிறார்கள். சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருகிறது. எனக்குப் போட்டி யார் என்று புரிந்துவிட்டது. அதனால் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: தேதி.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "எந்த பிளான் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். பிளானை வருஷா வருஷம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சேரும் தேதியைத் தவறவிட்டால் வருகிற அபராதம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

1965 ஜூலை 30. மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் கார்டை வாங்கிக்கொண்டவர் முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமன். அன்றைக்கு முழு ஓய்வூதியத்துக்கும் வயது 65, மெடிகேருக்கும் 65. பிறகு 1983-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். முழு ஓய்வூதிய வயது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு 67 ஆகிவிட்டது. மெடிகேர் நகரவில்லை. நம் வீடுகளில் நடக்கும் குழப்பம் எல்லாம் இந்த இரண்டு வருஷ இடைவெளியில்தான் நடக்கிறது.

எப்படி என்கிறீர்களா? 65-க்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பிருந்தே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியப் பணம் வாங்குகிறவருக்கு மெடிகேர் கார்டு தானாக வீட்டுக்கு வரும். நம் ஆட்கள் யார் வாங்குகிறார்கள்? "67 வரை பொறுத்தால் முழுசாகக் கிடைக்கும், 70 வரை பொறுத்தால் இன்னும் கூட" என்று எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறோம். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குப் போட்டவருக்குக் கார்டு தானாக வராது. அவர்தான் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். பணத்தை 70-ல் வாங்கிக்கொள்ளுங்கள், மெடிகேரை 65-லேயே கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

விண்ணப்பிக்க ஏழு மாதம் தருகிறார்கள். 65 நிறைகிற மாதம், அதற்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. இங்கே நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி கொடுத்தவர் அம்மா இல்லை, ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட ஹெட்மாஸ்டர். ஜாதகத்தில் தை மாதம், பாஸ்போர்ட்டில் ஜூன் 1. மெடிகேருக்கு ஹெட்மாஸ்டர் சொன்னதே வேதம். அதிலும் ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கணக்குத் தொடங்கிவிடும். ஜூன் 1 என்றால் கார்டு மே மாதமே செல்லுபடியாகலாம். அந்த ஏழு மாதமும் அதையொட்டி முன்னால் நகரும்.

தவறவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ, பத்து வருஷம், அதாவது 40 காலாண்டு, வரி கட்டி வேலை பார்த்தவருக்கு இலவசம். டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். 2025-ல் வழக்கமான தொகை 185 டாலராக இருந்தது; வருமானம் அதிகமிருந்தால் கூடும். முழுசாக 12 மாதம் தாமதித்தால் பத்து சதவீதம் ஏறும். மூன்று வருஷம் தாமதித்தால் முப்பது. 2025 கணக்கில் 185-க்கு மேல் மாதம் ஐம்பத்தைந்தரை டாலர்; அந்த முப்பது சதவீதம் உயிரோடு இருக்கும் வரை.

வேலையில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியில் நீங்களோ உங்கள் துணையோ வேலையில் இருந்து, அந்த இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். வேலை முடிந்ததும் எட்டு மாத அவகாசம். இங்கேதான் கோப்ரா கடிக்கிறது. வேலை போன பிறகு பழைய இன்சூரன்ஸையே கைக்காசு கட்டித் தொடர்கிறோமே, அந்தக் கோப்ரா. "எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று பதினெட்டு மாதம் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மெடிகேர் அதைக் கணக்கில் சேர்க்காது. அந்த எட்டு மாத அவகாசம் வேலை முடிந்த அடுத்த மாதமே ஓடத் தொடங்கியிருக்கும். சின்ன கன்சல்டிங் கம்பெனியில் இருக்கும் தம்பிமார்களே, 20 பேருக்குக் குறைவு என்றால் உங்களுக்கு முதலில் பணம் கொடுக்க வேண்டியது மெடிகேர்தான். அது இல்லாவிட்டால் கம்பெனி இன்சூரன்ஸ் கையை விரிக்கலாம்.

அக்காமார்களுக்கு ஒரு நல்ல செய்தி. கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்து, பிள்ளைகளை வளர்த்து, ஒரு நாள் கூடச் சம்பளச் சீட்டு வாங்காதவர் என்றாலும் கணவரின் 40 காலாண்டு உங்களுக்கும் பார்ட் ஏ-யை இலவசமாக வாங்கித் தரும். கணவருக்கு 62 ஆகியிருக்க வேண்டும். கணவர் உங்களைவிட இளையவர் என்றால் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கலாம். எங்கள் ஊரில் அப்படி யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்பா அம்மாவைக் கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்களுக்குச் சங்கடமான செய்தி. உங்கள் வரியில் அவர்களுக்கு உரிமை வராது. விண்ணப்பிக்கும்போது தொடர்ந்து ஐந்து வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். பார்ட் ஏ-யை விலைக்கு வாங்க வேண்டும். 2025-ல் முழு விலை மாதம் 518 டாலராக இருந்தது, பார்ட் பி தனி. இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அழைத்து வருவதற்கு முன்பே அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு இது. சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு மெடிகேர் கிடையாது.

கடைசி நாட்களைக் கோயம்புத்தூரில் கழிப்போம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். அங்கே செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கு மெடிகேர் பணம் தராது. அதற்காகப் பார்ட் பி-யை விட்டுவிட்டு, பேரன் பிறந்தான் என்று நாலு வருஷம் கழித்துத் திரும்பினால், அந்த நாலு வருஷத்துக்கும் அபராதம் காத்திருக்கும்.

இன்னொரு கெடு. பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள், மெடிகேர் தராத மீதியை ஈடுகட்டும் மெடிகேப் இன்சூரன்ஸ் வாங்கினால் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார்கள். பிறகு பெரும்பாலான மாநிலங்களில் கேட்பார்கள். நம் கூட்டத்தில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்?

சந்தேகம் வந்தால் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன், ஷிப் என்ற அரசு ஆலோசனை சேவைக்குப் போங்கள். எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. காசு வாங்குவதில்லை, எதையும் விற்பதும் இல்லை.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். பிறந்த மாதத்தைச் சொல்லுங்கள், போதும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மைக்கில் படித்துவிடாதீர்கள் ஐயா, வீடியோ எடுக்கிறார்கள்.