மேய்ச்சற் காட்டின் படமும் மழைநீரின் வழியும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



திருப்பூரின் பின்னலாடைச் சாலைகளைக் கடந்து கிழக்கிலும் தெற்கிலும் சென்றால் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் விரிந்து கிடக்கின்றன. அங்கு வீடுகள் அரிது; மழையும் சொற்பம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர, காங்கயம் மாடுகள் காவலாளின்றியே மேய்கின்றன. இத்தகைய காட்டிற்குப் படம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். புல் இருந்தும் கோடையில் குடிநீர் இல்லையெனில் குடியானவன் மாட்டை விற்க நேரும். மழைநீர் ஓடும் வழியைப் படத்திலே காணலாம்.

இந்நாட்டை அளந்த வரலாறு பழையது. வில்லியம் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 7½ மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாம். இம்முறையில் குன்றுகளையும் கோபுரங்களையும் குறிகளாகக் கொண்டு முக்கோணங்கள் தெற்கே படர்ந்தன. 1806-ல் கோயமுத்தூர்ச் சீமையிலும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது.

கிராமத்தில் இருவகைப் படங்கள் பயன்படும். ரெவினியூ இலாகாவின் புலப்படம் நிலத்தின் எல்லை எது என்பதைக் காட்டும். மேடு பள்ளத்தைக் காட்டாது. இந்திய ஸர்வே இலாகாவின் தரைப்படம் மேடு பள்ளத்தைக் காட்டும், உடையவரைக் காட்டாது. தரைப்படத்தில் 2 சென்டிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டராகும். அதிலுள்ள சமஉயரக் கோடுகள் நெருங்கினால் சரிவு கடிது; விலகினால் நிலம் சமன். கோடு மேட்டை நோக்கிக் கூராக வளைந்த இடமே நீர் இறங்கும் பள்ளம்.

கொறங்காட்டு நிலம் பெரும்பாலும் சமனாதலின், கோடுகள் வெகுதூரம் விலகி நிற்கும். இரு கோடுகளுக்கிடையேயுள்ள சிறு தாழ்வு படத்தில் தெரியாது. ஆகவே சங்கத்தார் குட்டை வெட்டுமுன் மூன்று காரியங்கள் செய்தல் நலம். முதலாவது, தரைப்படத்தில் பள்ளத்தின் போக்கை அறிதல். இரண்டாவது, அவ்விடத்தின் எல்லையைப் புலப்படத்திற் பார்த்து, அது எவருக்குரியது என்பதை விசாரித்து அவர் சம்மதம் பெறுதல். மூன்றாவது, நீர் நிரப்பிய தெளிந்த ரப்பர்க் குழாயின் இரு முனைகளைப் பிடித்து, மட்டத்தை அவ்விடத்திலேயே சோதித்தல்.

பார்வைக்குத் தாழ்வாகத் தோன்றும் இடத்தில் நீர் வாராதொழிவதுண்டு. அங்கு குட்டை வெட்டினால் பல அங்கத்தினரின் பணம் புழுதியாகும். மட்டம் பார்க்க ஒருநாள் செலவழித்தால் பல கோடைகளில் மாடுகளுக்கு நீர் கிடைக்கும்.