உட்கார்ந்து பிரித்தவர்கள்

சான்றிதழ் வாங்க வந்திருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, இன்றைய வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அவர்களுக்காக லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டாரே!

கல்லூரிப் பட்டமளிப்பு விழாக்களில் பேச வருகிறவர்கள், "உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது, புறப்படுங்கள்" என்பார்கள். உங்களிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நாளை விடியுமுன் உங்களில் பாதிப் பேர் படகில் இருப்பீர்கள். மீதிப் பேர் கூடையோடு கரையில் நிற்பீர்கள். பகல் முழுக்க உழைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, கண்ணைச் சொக்கும் தூக்கத்தோடு வந்து விவிலியத்தைத் திறந்தவர்கள் நீங்கள். படிப்பு முடிந்தது என்று எங்கும் போகப்போவதில்லை. இதே மணலில், இதே அண்டை வீட்டாரோடுதான் வாழப்போகிறீர்கள். அதனால் நான் பேச வந்தது ஒன்றைப் பற்றித்தான்: கையில் சான்றிதழ் வந்தபிறகு, நம் விவிலிய வாசிப்பு வட்டத்தில் நீங்கள் எப்படி உட்காரப்போகிறீர்கள்?

கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதியுங்கள். பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் மாதாவுக்குக் கோவில் எழுப்பியது 1515-ல் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகிமை மாதாவுக்கு இந்த ஏரிக்கரையில் ஐந்நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால் அந்த ஐந்நூறில் ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் நம் முன்னோர் வீடுகளில் விவிலியம் என்ற புத்தகத்தைப் பார்ப்பது அரிது. பூசை லத்தீனில் நடந்தது. செபமாலையின் மறைபொருள்களை உருட்டி உருட்டியே அவர்கள் ஆண்டவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டார்கள். தேர்பவனியிலும் சுரூபங்களிலும் பாடல்களிலும் அதைப் பார்த்தார்கள், கேட்டார்கள். அந்த விசுவாசத்தை யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். புயலிலும் கொள்ளைநோயிலும் இந்தக் கரையைத் தாங்கி நின்றது அதுதான்.

இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ல் கொல்லத்தில், அண்டிரிக்கு அடிகளார் என்று நம்மவர் அழைத்த என்றீக்கே என்றீக்கசு வெளியிட்டார். அது யாருக்காக? முத்துக்குளித்துறை மீனவ மக்களுக்காக. அந்த அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்களும் அவர்களே. தமிழில் முதலில் அச்சேறிய எழுத்துக்கு மீன்காரர் காசும் முத்துக்காரர் காசும் போயிருக்கிறது. அடுத்து 1714, 1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு வந்தது. அதுவும் கடற்கரை ஊர்தான். கத்தோலிக்கப் பொதுநிலையினரின் கைக்கு விவிலியம் முழு உரிமையோடு வந்தது மிகவும் பிந்தி. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு, விசுவாசிகள் எல்லாருக்கும் திருநூல் தாராளமாகக் கிடைக்கவேண்டும் என்று அறிவித்தது. அதன்பின் முப்பது ஆண்டு கழித்து, 1995-ல், கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. உங்கள் மடியில் இருக்கும் அந்தத் திருவிவிலியமே கூடிச் செய்த வேலை. அதைத் தனியாக மூலையில் உட்கார்ந்து மட்டும் படித்தால் எனக்கு ஏதோ குறைவதுபோல் இருக்கிறது.

நாம் படித்த முறை உங்களுக்குத் தெரியும். அன்பியக் கூட்டங்களில் பழகிய ஏழு படிகள்தான். தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற இடத்தில், குருக்கள் குறைவாக இருந்த பங்குகளுக்காக உருவாக்கிய முறை இது. பின்பு ஆசியா முழுக்கப் பரவியது. முதலில் ஆண்டவரை அழைக்கிறோம், பகுதியை வாசிக்கிறோம், மனத்தைத் தொட்ட சொல்லை ஒருவர் மூன்று முறை சத்தமாகச் சொல்கிறார், அமைதி காக்கிறோம், மனத்தில் பட்டதைப் பகிர்கிறோம், என்ன செய்யலாம் என்று பேசுகிறோம், செபித்து முடிக்கிறோம். எனக்கு அதில் மூன்றாம் படியின்மேல் தனி மரியாதை. எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத ஒரு பாட்டி, காதில் விழுந்த ஒரே சொல்லை எடுத்து மூன்று முறை சொல்லும்போது, பத்தாம் வகுப்பு முடித்த பேரனும் வாயை மூடிக்கொண்டு கேட்டாக வேண்டும்.

இந்த வட்டத்தில் நான் பார்த்த ஒரு மாலையைச் சொல்கிறேன். மத்தேயு 13-இல் வலை உவமையை எடுத்திருந்தோம். வலையைக் கடலில் வீசுகிறார்கள், நிறைந்ததும் கரைக்கு இழுக்கிறார்கள், உட்கார்ந்து நல்லதைக் கூடைகளில் சேர்த்து, ஆகாததை வெளியே எறிகிறார்கள். நான் உலக முடிவையும் தீர்ப்பையும் விளக்கத் தயாராக வந்திருந்தேன். அதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "உட்கார்ந்து, உட்கார்ந்து, உட்கார்ந்து" என்று மூன்று முறை சொன்னார். பகிர்வு நேரம் வந்ததும் அவர் பேசியது இது: "வலய இழுக்கறது ஆம்பளைங்க. உக்காந்து பிரிக்கறது நாங்க. நின்னுகினு பிரிச்சா இடுப்பு நிக்காது. அப்போ இந்தக் கதையில நாங்களும் இருக்கோம்." அந்த உவமைக்கு எழுதப்பட்ட விளக்கவுரைகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். 'உட்கார்ந்து' என்ற இடத்தில் நின்று யோசித்த ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை.

அந்த அம்மா அதோடு விடவில்லை. "எத எறிஞ்சாங்க?" என்று கேட்டார். வட்டம் அமைதியாகிவிட்டது. இங்கே எறிவது என்றால் நைந்தது, அழுகியது, பொடிசு. கலிலேயாவில் எது?

இந்த இடத்தில்தான் படிப்பு வேண்டும். மீனவர் என்பதாலேயே எல்லாம் விளங்கிவிடாது. லேவியர் 11-ஐத் திறந்தோம். துடுப்பும் செதிலும் இல்லாத எந்த நீர்வாழ் உயிரையும் இஸ்ரயேலர் உண்ணக்கூடாது. கலிலேயக் கடலில் செதிலற்ற கெளுத்தி வகை மீன் உண்டு. வலையில் ஏறினால் யூத மீனவர் அதைக் கழித்தாக வேண்டும். இறாலும் நண்டும் அதே சட்டத்தில் விலக்கு. இதை வாசித்ததும் வட்டத்தில் எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும். பழவேற்காடு ஏரி பேர்வாங்கியதே இறாலுக்கும் நண்டுக்கும்தான். வீட்டுக் கடன் அடைவதும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் அவற்றால்தான். நம் கூடையின் மேல்தட்டில் இருப்பது அவர்கள் கையில் கழிவு!

அங்கிருந்து நீங்களே என்னைத் திருத்தூதர் பணிகள் 10-ஆம் அதிகாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். பேதுரு யோப்பாவில், கடலோரம் தோல் பதனிடுபவர் ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறார். நண்பகலில் மாடிக்குச் செபிக்கப் போனவருக்குப் பசி. வானத்திலிருந்து நான்கு முனையும் கட்டிய பெரிய விரிப்பு ஒன்று இறங்குகிறது. உள்ளே விலங்கு, ஊர்வன, பறவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்கிறது குரல். பேதுரு மறுக்கிறார். நான் இதுவரை அந்த மறுப்பைச் சட்டம் தெரிந்த யூதரின் மறுப்பாகவே பார்த்து வந்தேன். அன்று உங்களோடு வாசித்தபோது, சிறுவயதிலிருந்து வலையைக் கொட்டிப் பிரித்தே பழகிய கைகள் கண்முன் வந்தன. இது சேர், இது கழி என்று நாள்தோறும் பிரித்த கை அது. அந்தக் கையிடம்தான், கடவுள் தூய்மை ஆக்கியதைத் தீட்டு என்று நீ தள்ளாதே என்று மூன்று முறை சொல்லப்படுகிறது. குரல் அடங்கியதும் வாசலில் யார் நிற்கிறார்கள்? பிற இனத்து நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய ஆட்கள். பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைக்கிறார்.

நீங்கள் கற்றுக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. திருத்தூதர் பணிகள் 27-இல் பவுல் ஏறிய கப்பல் புயலில் சிக்குகிறது. உள்ளே 276 பேர். நள்ளிரவில் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம், சற்றுப் போனதும் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து, கப்பலின் பின்பக்கமாக நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக இருந்தேன். ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்பக்கம் போட்டால் காற்றுக்குக் கப்பல் திரும்பிவிடும், பின்பக்கம் போட்டால் முகம் கரையைப் பார்த்தபடியே நிற்கும், விடிந்ததும் அறுத்துவிட்டு நேராகக் கரையேறலாம் என்றார். சில வசனம் தள்ளிப் பாருங்கள்: விடிந்ததும் நங்கூரத்தை அறுத்துவிட்டுத்தான் கரையை நோக்கிப் போகிறார்கள். அந்தப் பெரியவருக்கு வாசிக்கத் தெரியாது. இன்று சான்றிதழ் வாங்குவோர் பட்டியலில் அவர் பெயரும் இருப்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

வலை உவமை பிறந்த கலிலேயக் கடல் என்கிறோமே, அதுவும் நம்முடையதுபோல ஏரிதான். நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. பழவேற்காடு ஏரி நிறைந்து நிற்கும்போது அதைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது. 1986-ல் வறட்சியால் கலிலேய ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, சேற்றுக்குள் இயேசு காலத்துப் படகு ஒன்றை இரண்டு மீனவச் சகோதரர்கள் கண்டெடுத்தார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதில் பத்துக்கும் மேற்பட்ட வகை மரத்துண்டுகள் இருந்தன. கிடைத்த பலகையை வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். மகதலா மரியாவின் ஊர் மீனுக்கு உப்பிட்டுப் பதப்படுத்தும் ஊர். கருவாடு காயவைக்கும் அக்காமார் அதை மறக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது, வட்டத்தில் எப்படி உட்காரப்போகிறீர்கள் என்ற என் கேள்விக்கு வருகிறேன். 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஆசிரியர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாக நிறுவினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது திறந்திருக்கிறது. உங்களில் சிலர் அந்த வழியில் போகக்கூடும்; போகவேண்டும் என்பதே என் விருப்பம். போகும்போது ஒரு ஆபத்து கூடவே வரும். படித்தவர் பேச ஆரம்பிப்பார், படிக்காதவர் தலையாட்ட ஆரம்பிப்பார். பின்வரிசை அம்மா 'உட்கார்ந்து' என்று சொல்ல வாய் திறக்குமுன் நீங்கள் விளக்கம் கொடுத்து முடித்திருப்பீர்கள். நம் ஊர்ப் பங்குகளில் நல்ல வாசிப்பு வட்டங்கள் பல நின்றுபோனதற்கு, அவற்றை நடத்தியவர்கள் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. லேவியர் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். வரைபடத்தையும் காலத்தையும் மறக்காதீர்கள். யாராவது தப்பாகச் சொன்னால் அன்போடு திருத்துங்கள். ஆனால் "எத எறிஞ்சாங்க?" என்று ஒருவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள். கேட்டபிறகு சொல்வதுதான் மனத்தில் நிற்கும்.

பேதுருவின் விரிப்பைப் பற்றிப் பேசிவிட்டு அதை யோப்பாவிலேயே விட்டுவிட்டு வரமுடியாது. இந்த ஏரியைச் சுற்றி இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும். வலை இல்லை, படகு இல்லை. தலைமுறை தலைமுறையாக ஏரியை நாம் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையிலும் அவர்களுக்குப் பங்கு இல்லை. பாடு முறை ஏரியைக் காத்துவந்திருக்கிறது, சண்டையைத் தடுத்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். அந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்பதை விவிலியம் படித்தவர்கள் கேட்காமல் இருக்க முடியாது. பாடு முறையில் பெண்களுக்கும் இடம் கிடையாது என்பது இங்கே இருக்கும் அக்காமாருக்குத் தெரியும்.

ஆறாம் படியில் என்ன செய்யலாம் என்று பேசுவோமே, அதற்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். வரும் தவக்காலத்தில் ஒரு மாலையாவது இருளர் குடியிருப்பில் போய் உட்காருங்கள். நீங்களாக நுழைந்துவிடாதீர்கள். முன்கூட்டியே கேளுங்கள், அவர்கள் வரச்சொன்னால் போங்கள். மதம் மாற்றவோ பாடம் நடத்தவோ வேண்டாம். ஏரியைப் பற்றி, இறாலைப் பற்றி, வாங்குகிறவர் கொடுக்கும் விலையைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். கதை கேட்க விருப்பம் என்றால் வலை உவமையைச் சொல்லுங்கள். அவர்கள் அதில் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்து இந்த வட்டத்தில் சொல்லுங்கள். எனக்கும் தெரிவியுங்கள். அதைக் கேட்க நான் மறுபடி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வருவேன்.

இப்போது பெயர்களை வாசிக்கப்போகிறோம். நங்கூரம் பற்றிச் சொன்ன பெரியவர் முதலில் வரட்டும். அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவர யாராவது ஒரு பேரப்பிள்ளை எழுந்து போங்கள்.